தோப்பு இங்கிலீஷுக்குப் போன கதை

கேள்வி: வணக்கம் சார். எங்களுக்கு போச்சம்பள்ளி பக்கம் தாத்தா காலத்து மாந்தோப்பு இருக்குங்க. பாகப்பிரிவினைக்காக பழைய பேப்பரெல்லாம் எடுத்துப் பாத்தப்ப வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ் நகல் ஒண்ணு கிடைச்சுது, அதுல எங்க நிலத்த "மேங்கோ டோப்"னு எழுதியிருக்கு. காலேஜ் படிக்கிற பொண்ணு போன்ல டிக்ஷனரி தேடிட்டு "அளவு மீறி சாராயம் குடிக்கிறது"ன்னு அர்த்தம் போட்டிருக்குப்பாங்குது, இன்னொரு ஆப்புல சுறா மீன்னு வருது. வீட்ல பெரியவங்க, சாராயக்கடை இருந்த இடமோ என்னமோன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. எதுங்க சரி?
— மா விவசாயி, போச்சம்பள்ளி

பதில்: பெரியவங்ககிட்ட கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அந்த நகல்ல இருக்கிறது நம்ம தோப்புதான், நம்ம வார்த்தையையே அவங்க எழுத்துல எழுதி வெச்சிருக்காங்க. டி, ஓ, பி, ஈ. டைகர்ல வர்ற டி, போதை மருந்துக்கு சொல்ற டோப் வேற. இந்த நாலு எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கிறது ஒரு வார்த்தை இல்லீங்க, நாலஞ்சு வார்த்தை, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊர்ல இருந்து வந்தது, ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல உறவும் இல்ல, எழுத்து மட்டும் ஒத்துப்போச்சு. பெரிய டிக்ஷனரியில வார்த்தை தலைமேல சின்னதா 1, 2, 3ன்னு நம்பர் போட்டிருப்பாங்க, அந்த நம்பர் அர்த்தத்துக்கு இல்ல, இது வேற வார்த்தை இது வேற வார்த்தைன்னு பிரிச்சுக் காட்டுறதுக்கு. போன்ல முதல்ல வர்றத மட்டும் படிச்சுட்டு மூடுனா இப்படித்தான் ஆகும், பொண்ணுகிட்ட கீழ வரைக்கும் தள்ளிப் பாக்கச் சொல்லுங்க, பெரிய டிக்ஷனரியா இருந்தா கீழ எங்கயாவது "இந்தியாவில் மரத்தோப்பு, குறிப்பாக மாந்தோப்பு"ன்னு இருக்கும்.

இந்த வார்த்தை எப்படி அங்க போச்சுங்கிறத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. இங்கிலீஷ் கம்பெனிக்காரங்க 1639-40ல மெட்ராஸ்ல கோட்டை கட்ட ஆரம்பிச்சு இங்கயே குடியிருந்து இங்கத்தி ஆளுங்ககிட்ட கணக்கு வழக்கு பேசினவங்க. 1673ல ஜான் ஃப்ரையர்னு கம்பெனி டாக்டர் ஒருத்தர் மச்சிலிப்பட்டணம், மெட்ராஸ் பக்கமெல்லாம் வந்தாரு, அவர் எழுதுன பயணக் குறிப்புல வாழை, தென்னை, கொய்யா இதெல்லாம் செழிச்சு நிக்கிற "டாப்ஸ்"னு ஒரு வார்த்தை வருது. ஸ்பெல்லிங் அப்ப இன்னும் நிலைக்கல, காதுல விழுந்தபடி எழுதியிருக்காரு, ஆனா தோப்புதான்னு பளிச்சுனு தெரியுது. அப்புறம் நூறு நூத்தம்பது வருஷத்துல இது கம்பெனி இங்கிலீஷ்ல சாதாரண வார்த்தையாவே ஆயிடுச்சு, கடுதாசி, ராணுவ ரிப்போர்ட், வரி கணக்கு எல்லாத்துலயும்.

இதுல நான் ஆச்சரியப்படுற இடம் ஒண்ணு இருக்கு. 1886ல ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல்னு ரெண்டு பேர் சேர்ந்து ஹாப்சன்-ஜாப்சன்னு ஒரு அகராதி போட்டாங்க, இந்தியாவுல இருந்த இங்கிலீஷ்காரங்க பேச்சுல கலந்த நம்ம ஊர் வார்த்தைகளோட தொகுப்பு அது. பர்னெல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு, நம்ம மொழி தெரிஞ்ச ஆளு. அவங்க என்ன எழுதுறாங்கன்னா, வடக்க இருக்கிற இங்கிலீஷ்காரங்க எல்லாருமே மாந்தோப்ப டோப்னுதான் சொல்றாங்க, ஆனா வடக்கத்தி ஜனங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது, இது தமிழ்ல தோப்பு, தெலுங்குல தோப்புன்னு. யோசிச்சுப் பாருங்க. அந்த ஊர்க்காரங்க பாக்ங்கிறாங்க, அம்ராயிங்கிறாங்க. பீகார்லயோ அவத்லயோ கூடாரம் போட்ட இங்கிலீஷ் அதிகாரி இது ஹிந்துஸ்தானி வார்த்தைன்னு நெனச்சு டோப் டோப்னு சொல்லியிருப்பாரு, பக்கத்துல நிக்கிற அந்த ஊர் ஆளுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. தெற்குல கத்துக்கிட்ட வார்த்தைய மூட்டை கட்டி கங்கைக்கரை வரைக்கும் கொண்டு போனவங்க இங்கிலீஷ்காரங்கதான்.

ஏன் எடுத்தாங்க, அவங்க மொழியில க்ரோவ், ஆர்ச்சர்ட்னு வார்த்தை இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா க்ரோவ்ங்கிறது பெரும்பாலும் தானா முளைச்ச மரக்கூட்டம், ஆர்ச்சர்ட்ங்கிறது வேலி போட்டு பழத்துக்காக வெச்ச தோட்டம். நம்ம தோப்பு ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, ஆள் வெச்ச மரம், முப்பது அடிக்கு முப்பது அடி வரிசையா, கிளை மேல கிளை கூடி கீழ வெயிலே படாம, ஒரு ஓரத்துல கிணறு, வழிப்போக்கன் உக்காந்துட்டுப் போனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வெயில் காலத்துல நூத்துக்கணக்கான ஆளும் மாடும் வண்டியுமா நடந்து வர்ற பட்டாளத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அடுத்த டோப் எங்க இருக்குங்கிறத வெச்சுத்தான் இன்னைக்கு எங்க தங்குறதுன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. அந்தப் பொருளுக்குன்னே ஒரு பேர் தேவைப்பட்டிருக்கு, இங்க இருந்ததையே எடுத்துக்கிட்டாங்கன்னு நான் நம்புறேன்.

நெப்போலியன 1815ல வாட்டர்லூல தோக்கடிச்ச வெலிங்டன் பிரபு இருக்காரே, அவருக்கே ஒரு தோப்பு மறக்க முடியாத பாடம் கத்துக் குடுத்துச்சு. 1799ல திப்பு மேல படையெடுத்த ஜெனரல் ஹாரிஸ் சேனை நம்ம ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாத்தான் மேல ஏறிப் போச்சு. அதுல அவர் அப்ப ஆர்தர் வெல்லெஸ்லி, வெறும் கர்னல். ஏப்ரல் 5 ராத்திரி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளிய சுல்தான்பேட்டை டோப்னு ஒரு தோப்ப பிடிக்கச் சொல்லி அனுப்புறாங்க. உள்ள நெருக்கமா மரம், நடுவுல வாய்க்கா வாய்க்காவா ஓடுது, இருட்டு, பகல்ல யாரும் போய் பாத்து வைக்கல. திப்பு ஆளுங்க உள்ள இருந்து துப்பாக்கியும் ராக்கெட்டும் விட, படை சிதறிப்போச்சு, வெல்லெஸ்லி முழங்கால்ல குண்டு பட்டு, வழி தெரியாம தட்டுத்தடுமாறி முகாமுக்குத் திரும்பினாரு, பன்னெண்டு சிப்பாய்ங்க மாட்டிக்கிட்டாங்க, அவங்கள அப்புறம் கொன்னுட்டாங்க. மறுநாள் பகல்ல போய் அதே தோப்ப பிடிச்சிட்டாங்க. பகல்ல பாத்து வைக்காத இடத்துல, தயாரா உக்காந்திருக்கிற எதிரி மேல ராத்திரில தாக்குதல் நடத்தவே கூடாதுன்னு அவர் அப்புறம் எழுதி வெச்சாரு. வெலிங்டன் வரலாறு எழுதுற பல இங்கிலீஷ் புத்தகத்துல அந்த டோப் வரும், படிக்கிற லண்டன்காரனுக்கு அது நம்ம தோப்புன்னு தெரியுமோ என்னமோ.

சரி, உங்க பத்திரத்துக்கு வர்றேன். 1792 ஒப்பந்தத்துல திப்புகிட்ட இருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தப்புறம், அதாவது இன்னைக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு சொல்ற இந்த சீமைதான், அலெக்சாண்டர் ரீட் கலெக்டரா வந்தாரு, அவருக்குக் கீழ தாமஸ் மன்றோ, 1799 வரைக்கும். மன்றோ தர்மபுரியில குடியிருந்தவரு. அவங்க நிலம் நிலமா அளந்து வரி போட்டாங்க, அந்தக் கணக்குக்கு நஞ்சை, புஞ்சை, தோப்பு, புறம்போக்கு எல்லாமே நம்ம வார்த்தையாவே இங்கிலீஷ்ல ஏறிச்சு. அந்த வழக்கம்தான் உங்க தாத்தா நகல் வரைக்கும் வந்திருக்கு.

ஒரே ஒரு விஷயம் கவனமா பாருங்க. நகல்ல வெறும் டோப்னு இருக்கா, இல்ல டோப் பொரம்போக்குன்னு இருக்கா? தனியா டோப்னு இருந்தா மரம் இருக்கிற நிலம்னு மட்டும்தான் அர்த்தம், பட்டா நிலமாவே இருக்கலாம். தோப்பு புறம்போக்குன்னு இருந்தா அது ஊர் பொதுவுக்குன்னு விட்ட அரசாங்க நிலம், புளிய மரம் ஏலம் விடுவாங்களே அந்த மாதிரி, கதையே மாறிடும். பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி விஏஓகிட்ட அ பதிவேட்டுல உங்க சர்வே நம்பருக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு கண்ணால பாத்துடுங்க, நெட்லயும் எடுக்கலாம். பழைய இங்கிலீஷ் நகல மட்டும் நம்பி கையெழுத்து போட வேண்டாம்.

சாராயமும் சுறாவும் மிச்சம் இருக்கு. குடிக்கிறதுக்கு டோப்னு சொல்ற வார்த்தை, தெனமும் குடிக்கிறவனுக்கு டோப்பர்னு சொல்றது, இது 1600களோட நடுவுல இங்கிலீஷ்ல வருது. பிரெஞ்சுல சூதாட்டத்துல பந்தயத்துக்கு சரிப்பா ஒத்துக்கிட்டேன்னு சொல்ற வார்த்தையில இருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க, பிரெஞ்சுக்காரங்க இன்னைக்கும் பேச்சு முடிஞ்சா கையில கை தட்டி "டோப் லா"ம்பாங்க, நம்ம சந்தையில மாட்டு யாவாரம் முடிஞ்சா கை அடிக்கிறோமே அதேதான். பந்தயத்துக்கு சொன்ன சரி, கோப்பைய தூக்கி குடிக்கலாமான்னு கேட்டா சொல்ற சரியா மாறி, கடைசியில குடிக்கிறதுக்கே பேராயிடுச்சு. ஸ்பானிஷ்லயும் இதுக்கு சொந்தம் இருக்கு, டோபார்னா மோதுறது, மெக்சிகோவுல ரோட்டுல போடுற ஸ்பீட் பிரேக்கருக்கு டோபேன்னுதான் பேரு.

சுறா வேற கதை. ஆறு அடி வரைக்கும் வளர்ற, சாம்பல் நிற, கூர் மூக்கு சுறா ஒண்ணு, 1600கள் கடைசியில இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில கார்ன்வால் மீனவங்க பேச்சுல இருந்து இந்தப் பேர் புத்தகத்துக்கு வந்ததா தெரியுது. இதோட ஈரல் எண்ணெய்ல வைட்டமின் ஏ நெறைய இருக்குன்னு ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கலிஃபோர்னியா பக்கம் வளைச்சு வளைச்சு பிடிச்சாங்க, இன்னைக்கு அழிவோட விளிம்புல இருக்கிற ஜீவன்கள் லிஸ்ட்ல 2020ல இருந்து அது பேரும் இருக்கு. உங்க போச்சம்பள்ளி நிலத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கேள்வி: ஐயா, போன வருஷம் குடும்பத்தோட சாஞ்சி போயிருந்தோம். அங்க வாங்கின புத்தகத்துல கன்னிங்ஹாம் எழுதின "பில்சா டோப்ஸ்"னு ஒரு பழைய நூல் பத்தி வருது. அங்க நான் தோப்பு எதுவும் பாக்கல, ஸ்தூபிதான் இருக்கு. ஸ்தூபிய சுத்தி மரம் வெச்சிருந்ததால அந்தப் பேரா?
— ஓய்வு பெற்ற தபால்காரர், பாலக்கோடு

பதில்: இல்லீங்கய்யா, ஆனா ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா இந்த ரெண்டு டோப்பும்தான் நெறைய பேர குழப்புது. ஸ்தூபம்ங்கிற சமஸ்கிருத வார்த்தை பாலியில தூபம்னு தேஞ்சு, பஞ்சாப், ஹிந்துஸ்தான் பக்கம் பேச்சுல தோப்னு ஆச்சு. அங்க போன இங்கிலீஷ்காரங்க அதையும் அதே நாலு எழுத்துல எழுதினாங்க. ராவல்பிண்டி பக்கம் மாணிக்யாலான்னு ஊர்ல ஒரு பெரிய ஸ்தூபி இருக்கு, பஞ்சாப் ராஜா ரஞ்சித் சிங் பட்டாளத்துல வேலை பாத்த வென்சுராங்கிற இத்தாலிக்காரர் 1830ல அத தோண்டி உள்ள இருந்து காசுகளும் பேழைகளும் எடுத்தாரு, அதுக்கப்புறம் ஆப்கானிஸ்தான் வரைக்கும் டோப் தோண்டுறது ஒரு அலையாவே போச்சு. அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1851ல மெய்சிங்கிறவரோட சேர்ந்து சாஞ்சியிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் தோண்டினாரு, புத்தரோட ரெண்டு பெரிய சீடர்கள் சாரிபுத்தர், மொக்கல்லானர் பேர் போட்ட அஸ்திப் பேழை கிடைச்சுது, அத பத்திதான் 1854ல அந்தப் புத்தகம். பில்சாங்கிறது இன்னைக்கு விதிஷா. பேழைகள் லண்டன் போயிட்டு திரும்பி வந்து 1952ல சாஞ்சியிலயே வெச்சுட்டாங்க, அங்க இருக்கிற புத்தர் கோயில்லதான்.

அப்புறம் அறிஞர்கள் ஸ்தூபான்னே எழுத ஆரம்பிச்சதால இந்த அர்த்தம் மங்கிப்போச்சு, இன்னைக்கு பழைய புத்தகத்துலதான் பாக்க முடியும். ஆனா நமக்கு இதுலயும் ஒரு சொந்தம் இருக்கு. கோயில் விமானத்து மேல தூபின்னு சொல்றோம், இலங்கைத் தமிழர்கள் நினைவுத்தூபின்னு சொல்றாங்க, அந்தத் தூபியும் இதே ஸ்தூபத்துல இருந்து வந்ததுதான். ஆக, சாஞ்சி டோப்புக்கு சொந்தக்காரன் நம்ம தூபி, தோப்பு இல்ல.

இதே வரிசையில இன்னொன்னும் சொல்லிடுறேன். துருக்கியில தோப்னா பீரங்கி, இஸ்தான்புல்ல இருக்கிற தோப்காபி அரண்மனை பேருக்கு பீரங்கி வாசல்னு அர்த்தம், ஹிந்துஸ்தானி தோப்கானாவுல வர்றதும் அதே தோப்தான். ஹாப்சன்-ஜாப்சன் பீரங்கி, தோப்பு, ஸ்தூபி மூணையும் டோப்ங்கிற ஒரே தலைப்புல போட்டு, மூணும் வேற வேற வேர்னு தெளிவா பிரிச்சு எழுதியிருக்கு. பழைய கடுதாசியில டோப்னு பாத்தா முன்ன பின்ன நாலு வரி படிச்சாத்தான் மரமா குண்டான்னு தெரியும்.

கேள்வி: அன்புள்ள ஆசிரியருக்கு. நான் தமிழாசிரியராக இருந்தவன். அகநானூறு 35ஆம் பாட்டில் நடுகல்லுக்குத் தோப்பிக் கள்ளோடு பலி கொடுப்பது வருகிறது. தோப்பி என்றால் கள். இங்கிலீஷில் டோப் என்றால் குடிப்பது. இதைவிடச் சான்று வேண்டுமா? குடிக்கிற டோப்பும் தமிழ்தான் என்று நீங்கள் எழுத வேண்டும்.
— தமிழாசிரியர், தர்மபுரி

பதில்: ஐயா, வணக்கம். நீங்க சொல்ற தோப்பி இருக்கிறது உண்மை, பெரும்பாணாற்றுப்படையிலயும் வீட்ல காய்ச்சின தோப்பி வருது, நெல்லுல செஞ்ச கள்ளுன்னு உரைகாரங்க சொல்றாங்க. அதுவும் நம்ம சீமைக்கு எவ்வளவு பொருத்தமான பாட்டு அது! நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, துடி அடிச்சு, கள்ளும் செம்மறி ஆடும் குடுக்கிறாங்க. தர்மபுரி மியூசியத்துல வரிசையா நிக்குதே நடுகல்லு, ஆநிரை மீட்டுப் போர்ல செத்தவன், கையில வில்லும் குத்துவாளும், சிலதுல காலடியில மாடு நிக்கும், அதுக்கு முன்னாடி நின்னு அந்தப் பாட்ட படிச்சா உடம்பு சிலிர்க்கும். அதியமான் ஆண்ட தகடூர்ல கள்ளுக்கு இருந்த மரியாதை ஔவை பாட்டுலயே தெரியுது.

ஆனா நீங்க கேட்டத நான் எழுத மாட்டேன், ஏன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு வார்த்தை ஒரு மொழியில இருந்து இன்னொண்ணுக்குப் போச்சுன்னு சொல்லணும்னா சத்தமும் பொருளும் ஒத்துப்போனா மட்டும் போதாது, அது போன பாதைய காட்டணும். யார் கொண்டு போனா, எப்ப, எந்த எழுத்துல பதிவாச்சு? தோப்புக்கு அது இருக்கு, மெட்ராஸ் கம்பெனி, ஃப்ரையர், வரிக்கணக்கு, பட்டாள ரிப்போர்ட்னு படி படியா காட்டலாம். தோப்பிக்கு அப்படி ஒண்ணும் இல்ல. 1600கள்ல லண்டன்ல டோப்னு கோப்பை தூக்கினவங்களுக்கும் சங்ககாலத் தோப்பிக்கும் நடுவுல ஆயிரத்து சொச்சம் வருஷம் வெறுமையா கிடக்கு. அதே சமயம் பக்கத்து நாடு பிரான்ஸ்ல, குடியும் சூதும் கலந்த அதே மாதிரி இடத்துல, அதே சத்தத்துல ஒரு வார்த்தை கண்ணு முன்னாடி இருக்கு. எத எடுத்துக்கணும்? உலகத்துல இத்தனை ஆயிரம் மொழி, மனுஷன் வாயில வர்ற சத்தம் கொஞ்சம்தான், ரெண்டு மொழியில ஒரே சத்தம் ஒரே பொருள்ல வந்து நிக்கிறது அப்பப்ப நடக்கும்.

இன்னொண்ணும் மனசுல பட்டத சொல்லணும். கட்டுமரம், வெற்றிலை, மாங்காய், சுருட்டு வரைக்கும் நம்மகிட்ட இருந்து போனது எத்தனையோ இருக்கு, கட்டமரன், பீட்டல், மேங்கோ, செரூட்னு அவங்க அகராதியே ஒத்துக்குது. நிக்கிற ஆதாரத்தோட இத்தனை இருக்கும்போது நிக்காத ஒண்ண சேத்தா, நாளைக்கு எவனாவது அந்த ஒண்ண உடைச்சுக் காட்டி மொத்தத்தையும் பொய்னுடுவான். அதுக்கு நாம எடம் குடுக்கக் கூடாது. தோப்பி நம்மளோட வார்த்தை, அதோட பெருமைக்கு இங்கிலீஷ் தேவையே இல்ல. உங்க மாணவங்களுக்கு அந்தப் பாட்ட மியூசியத்துல நடுகல் முன்னாடி வெச்சு நடத்துங்கய்யா, அது போதும்.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன். ஐசோடோப்ல இருக்கிற டோப்பும் இதுல ஏதாவது ஒண்ணா?
— மாணவி, ஓசூர்

பதில்: இல்ல பாப்பா. அது கிரேக்கம். ஐசோஸ்னா சமம், டோபோஸ்னா இடம், பீரியாடிக் டேபிள்ல ஒரே இடத்துல உக்காரும் அணுக்கள்னு அர்த்தம். 1913ல ஃப்ரெடரிக் சாடிங்கிற விஞ்ஞானிக்கு இந்தப் பேர எடுத்துக் குடுத்தது மார்கரெட் டாட்னு ஒரு ஸ்காட்லாந்து லேடி டாக்டர், குடும்ப நண்பர். சாடிக்கு 1921 வருஷத்து நோபல் கிடைச்சுது. பேர் வெச்ச டாக்டரம்மா பேர் பாடப்புத்தகத்துல இருக்காது, நீ நோட்ல எழுதி வெச்சுக்கோ. டோபோகிராபியிலயும் இதே டோபோஸ்தான்.

கேள்வி: நான் பெயிண்ட் காண்ட்ராக்ட் எடுக்கிறவன். கலர் கார்டுல டோப்னு ஒரு கலர் கேக்கறாங்க, ஆனா ஸ்பெல்லிங் வேற மாதிரி இருக்கு.
— காரிமங்கலம்

பதில்: ஆமாங்க, அதுல நடுவுல ஏ, யூ வரும், சத்தம் மட்டும் ஒண்ணுதான். பிரெஞ்சுல மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழ்ற ஒரு சின்ன பிராணியோட பேரு அது, இந்தப் பக்கம் கிடையாது. அதோட தோல் நிறம்தான் கலர், சாம்பலும் பழுப்பும் கலந்தது. கஸ்டமர் வாயால டோப்னு சொன்னா நம்பர பாத்து எழுதிக்குங்க, ஒவ்வொரு கம்பெனி கார்டுலயும் ஷேடு மாறும்.

கேள்வி: தோப்புக்குள்ள பிள்ளையார் இருக்கிறதாலதான் தோப்புக்கரணம்னு பேர் வந்துச்சுன்னு எங்க ஊர் பூசாரி சொல்றாரு. சரியா அண்ணா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: அழகா சொல்லியிருக்காரு, ஆனா அப்படி இல்லம்மா. தோர்பின்னா கைகளால, கர்ணம்னா காது, தோர்பி கர்ணம், கையால காத பிடிக்கிறதுன்னு சமஸ்கிருதத்துல இருந்து வந்து நம்ம வாயில தோப்புக்கரணம் ஆச்சுன்னுதான் பரவலா சொல்றாங்க. கேக்கிறவங்களுக்கு தெரிஞ்ச வார்த்தையா மாத்திக்கிறது எல்லா மொழியிலயும் நடக்கிறதுதான். தோத்தாபுரி மாம்பழத்தக்கூட தோப்புல இருந்து வந்த பேர்னு சிலர் சொல்வாங்க. தோத்தான்னா ஹிந்தியில கிளி, அதான் நம்ம ஆளுங்க கிளிமூக்குங்கிறாங்க.

கேள்வி: சார், எங்க ஊர்ல கன்னடம், தெலுங்கு, தமிழ் மூணும் பேசுவோம், மூணுலயும் தோப்புதான். அப்ப இங்கிலீஷ்காரன் தமிழ்ல இருந்துதான் எடுத்தான்னு எப்படி அடிச்சு சொல்றீங்க?
— தளி

பதில்: அடிச்சு சொல்ல முடியாதுங்க, சொல்லவும் இல்ல. ஃப்ரையர் முதல்ல எறங்கினதே மச்சிலிப்பட்டணம், தெலுங்கு பூமி. மெட்ராஸ்லயும் அப்ப துபாஷிகள் (மொழிபெயர்த்து சொல்றவங்க), யாவாரிகள் பாதிப்பேர் தெலுங்கு பேசுறவங்க. ஒரே வாரத்துல ரெண்டு மொழியிலயும் அதே வார்த்தைய கேட்டிருப்பாங்க, எந்த வாயில இருந்து விழுந்துச்சுன்னு பிரிக்க முடியாது. வேர்னு பாத்தா, மெட்ராஸ் ராஜதானி நிர்வாகத்துக்குன்னு 1893ல வந்த சொல்தொகுப்பு, தொகுங்கிற தமிழ் வேர்ல இருந்து வந்ததுன்னு சொல்லுது, அதாவது தொகுப்பு, கூட்டி வெச்சது. பகுதி பாதி ஆச்சு, துகள் தூள் ஆச்சு, அதே மாதிரி தொகுப்பு தோப்பு ஆச்சுன்னா நடு கு தேஞ்சு முன்னாடி எழுத்து நீண்டிருக்கு, கணக்கு சரியா வருது. எனக்கு அது ஏத்துக்கிறாப்புல இருக்கு.

ஆனா உங்க பக்கம் இருக்கிற குண்டு தோப்பு, அது கன்னட வழக்கு, ஊர் பொதுவுக்குன்னு புளி, புங்கன், நாவல், மா எல்லாம் கலந்து வெச்ச தோப்பு, பெங்களூர சுத்தி நெறைய இருந்துச்சு, பாதிக்கு மேல ப்ளாட் ஆயிடுச்சு. உங்க ஏரியால இன்னும் எது எது நிக்குது, அதுக்கு ஜனங்க வெச்ச பேர் என்ன, அம்மன் தோப்பா, சாவடி தோப்பா, பட்டாளத்தார் தோப்பா, எழுதி அனுப்புங்க. கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை வாசகர்களும் அனுப்பலாம். மரம் இல்லாம பேர் மட்டும் மிஞ்சியிருந்தாலும் பரவால்ல, சர்வே நம்பர் வேண்டாம், ஊர் பேரும் தோப்பு பேரும் போதும், அடுத்த இதழ்ல சேர்த்துப் போடுறேன்.